ஐந்து கிலோ போலி நிலவு மண்: மூன்று மாதம் கையாண்ட பிறகு

டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். மூடியைத் திருகும்போதே மரைகளுக்குள் சிக்கியிருக்கும் பொடி புகை மாதிரி எழும்புகிறது. நான் பதினெட்டு வருடமாக ஒரு வார்ப்படப் பட்டறையின் மணல் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மணல் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதைக் கூட வேலை பார்த்தவர்களிடம் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நிலவுக்குப் போகாத மண்தானே என்று யாரும் சமையல் மேசையில் வைத்துத் திறக்க வேண்டாம்.

வாங்கியது நிலவின் மேட்டுநில மண்ணைப் போலத் தயாரித்த சிமுலன்ட். முழு நிலவில் வெளுப்பாகத் தெரியும் பகுதிகள்தான் மேட்டுநிலம். கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். வெளுப்புப் பகுதியில் அனார்த்தசைட் என்ற பாறை அதிகம். அதே வகைப் பாறையைப் பூமியில் வெட்டி, உடைத்து, கண்ணாடித் தன்மை கொண்ட பசால்ட் என்ற எரிமலைப் பாறையோடு கலந்து, 1 மில்லிமீட்டருக்குக் கீழே பொடித்து அனுப்புகிறார்கள். அப்பல்லோ பயணங்கள் ஆறும் சேர்ந்து கொண்டுவந்தது 382 கிலோ. சீனாவின் சாங்ஙே-5 2020-ல் 1.7 கிலோ கொண்டுவந்தது, சாங்ஙே-6 2024-ல் மறுபக்கத்திலிருந்து 1.9 கிலோ. அந்த மண்ணை யாரும் புனலில் கொட்டி விளையாட விடமாட்டார்கள். ஆகவே இயந்திரம் கட்டிப் பார்ப்பவர்களுக்குப் போலிதான் வழி.

எனக்கு எதற்கு இது? நிலவில் ஆக்ஸிஜன் எடுக்கும் ஆலை, மண்ணை உருக்கிச் செய்யும் இறங்குதளம், காந்த விசையால் மண்ணை விண்வெளிக்கு எறியும் தண்டவாளம் என்று எந்த யோசனையின் வரைபடத்தை எடுத்தாலும் ஓர் ஓரத்தில் தோண்டும் வண்டி இருக்கும். அதிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் நடக்கும் வேதியியலைப் பத்துப் பக்கம் எழுதுவார்கள். அம்புக்குறியைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பட்டறையில் எங்கள் வேலையே அந்த அம்புக்குறிதான்: மண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரே அளவில், நிற்காமல், அடைக்காமல் கொண்டுபோவது. அது எவ்வளவு சிரமம் என்று தெரிந்ததால்தான் இதை வாங்கினேன்.

முதலில் பொதி. உறுதியான பிளாஸ்டிக் டப்பா. 5 கிலோ என்றதும் பெரிய மூட்டையாக நினைத்திருந்தேன். மூன்றரை லிட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிட்டது. உள்ளே தனிப் பை இல்லை, அது ஒரு குறை. இன்னொன்று, வழியில் குலுங்கி வந்ததில் பெருமணிகள் மேலேயும் நுண்பொடி கீழேயும் பிரிந்திருந்தன. மேலாக ஒரு கரண்டி அள்ளிச் சோதித்தால் தப்பான மண்ணைச் சோதிப்பீர்கள். முழுவதையும் ஒரு விரிப்பில் கூம்பாகக் குவித்து, தட்டி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து மறுபடி குவியுங்கள். மூன்று தடவை செய்தால் போதும். மணல் சோதனைக்கூடத்தில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. கூட வந்த குறிப்பில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

குறிப்பில் வேதியியல் அட்டவணையும் மணி அளவு வரைபடமும் இருந்தன, நன்றாகவே இருந்தன. ஆனால் டப்பாவில் பேட்ச் எண் இல்லை. எழுதிக் கேட்டேன். நான்காம் நாள் பதில் வந்தது, என் பேட்ச்சுக்கான தனி அட்டவணையோடு. பொதுக் குறிப்பில் இருந்த இரும்பின் அளவும் அதில் இருந்ததும் ஒன்றல்ல. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனாலும் கேட்காமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. வாங்குபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சொன்ன விதத்தில் எனக்குக் குறை இல்லை.

சரி, மண்ணுக்கு வருகிறேன்.

வார்ப்பு மணலைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடிப்பது எங்கள் பழக்கம். காய்ந்த சிலிக்கா மணல் விரலிடுக்கில் ஒழுகிவிடும். உருண்டையான மணிகள், ஒன்றை ஒன்று பிடிக்காது. பென்டோனைட் களிமண்ணும் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீரும் சேர்த்தால்தான் பிடி நிற்கும். இந்தப் போலி மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, களிமண் இல்லை. கையுறையோடு இறுக்கிவிட்டுத் திறந்தேன். பிடி அப்படியே நின்றது, விரல்களின் பள்ளம் கூடத் தெரிந்தது. அப்பல்லோ படங்களில் காலணித் தடம் அச்சுப்போல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி நின்றது என்று எனக்குக் கையில் புரிந்தது அப்போதுதான். நிலவில் காற்றோ ஓடும் நீரோ இல்லை, மணிகளின் முனையைத் தேய்த்து உருட்ட எதுவும் இல்லை. எல்லாமே கொக்கியும் முள்ளுமாக இருக்கும்.

பட்டறையில் மணல் அச்சு செய்யும் மூத்த மோல்டர் அண்ணனிடம் ஒரு சிட்டிகை கொடுத்தேன். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது மண்ணு இல்லம்மா, அரம்" என்றார். மூன்று மாதத்தில் நான் எழுதிவைத்த குறிப்புகள் எதுவும் இதைவிடச் சரியாக இல்லை.

அரம் என்பதை அடுத்த வாரமே பார்த்தேன். மண்ணைத் திருகித் தள்ளிக் கொண்டுபோகும், கையால் சுற்றும் சின்ன ஸ்க்ரூ கன்வேயர் ஒன்று செய்திருந்தேன். ஓர் அங்குலக் குழாய், உள்ளே திருகுத் தகடு, இரு முனையிலும் ரப்பர் சீல் போட்ட பேரிங். சிலிக்கா மணலில் அதே அமைப்பை மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். இந்த மண்ணில் ஆறு மணி நேரத்தில் சீலின் உதடு தேய்ந்து, பேரிங்குக்குள் பொடி புகுந்து, சுற்றும்போது நறநறவென்றது. 1972-ல் அப்பல்லோ 17-ல் விண்வெளி வீரர் ஹாரிசன் ஷ்மிட்டின் கையுறையின் வெளியடுக்கு மூன்று நாள் வேலையிலேயே தேய்ந்தது. பாறை மாதிரிகளை வெற்றிடத்தோடு மூடிக் கொண்டுவரச் செய்த பெட்டிகள் பலவற்றில், சீலில் தூசி படிந்ததால் காற்று கசிந்தது. என் பேரிங்காவது மேசையில் இருக்கிறது, கழற்றிக் கழுவி மாட்டிவிட்டேன்.

இந்த மண்ணில் நான் அதிகம் செலவழித்தது புனல் சோதனைக்குத்தான். தகரத்தில் ஒரு கூம்பு ஹாப்பர், சுவரின் சரிவு 60 டிகிரி, அடிவாய் 2 சென்டிமீட்டர். சிலிக்கா மணலைக் கொட்டினால் தண்ணீர் மாதிரி இறங்கும். இந்த மண்ணைக் கொட்டினேன். கொஞ்சம் விழுந்தது, நின்றது. கீழேயிருந்து விளக்கடித்துப் பார்த்தால் வாய்க்கு மேலே அழகான ஒரு வளைவு, கோயில் கும்பம் மாதிரி கட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மேலே இரண்டு கிலோ மண். அடிவாயை 3, 4, 5 சென்டிமீட்டர் என்று பெரிதாக்கினேன். ஐந்தில்தான் ஒழுங்காக இறங்கியது, அதுவும் கொட்டிய உடனே திறந்தால். ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் திறந்தால் ஐந்திலும் நின்றது.

பட்டறையில் இதற்கு ஒரு மருந்து உண்டு, சுத்தியல். எந்த வார்ப்படப் பட்டறைக்குப் போனாலும் ஹாப்பரின் அடிச்சுவரைப் பாருங்கள், வருடக்கணக்காக அடித்த தழும்பு இருக்கும். மணல் நின்றால் யாரோ ஒருவர் போய் நாலு போடு போடுவார், இறங்கிவிடும். நிலவில் அந்த ஆள் இல்லை. அங்கே புவியீர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. மணிகளுக்கு இடையே உள்ள பிடிப்பு அப்படியே இருக்க, அதை உடைத்துக் கீழே இழுக்க வேண்டிய எடை மட்டும் ஆறில் ஒன்றாகிவிடும். என் மேசையில் ஐந்து சென்டிமீட்டர் கேட்ட மண் அங்கே எவ்வளவு அகன்ற வாய் கேட்கும் என்பதை இந்த டப்பா காட்டாது. ஈர்ப்பை டப்பாவில் போட்டு அனுப்ப முடியாது. விமானத்தை வில்போல ஏற்றி இறக்கும் பரவளையப் பயணத்தில் 20 வினாடி போல எடை குறைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வழியில்லை. ஆனால் சிக்கல் எந்தத் திசையில் மோசமாகும் என்பதை இது ஐயமில்லாமல் காட்டிவிடுகிறது.

எவ்வளவு மண் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டால்தான் இதன் கனம் தெரியும். நிலவு மண்ணின் எடையில் 40 முதல் 45 விழுக்காடு ஆக்ஸிஜன், ஆனால் எல்லாம் தாதுக்களோடு கட்டுண்டது. எளிய வழி, இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியத் தாதுவை 900 டிகிரிக்கு மேல் ஹைட்ரஜனோடு சூடாக்குவது. நீராவி வரும், அதை மின்னாற்பகுத்தால் ஆக்ஸிஜன். 100 கிலோ இல்மனைட்டில் இப்படி எடுக்கக்கூடியது அதிகபட்சம் பத்தரை கிலோ. மண்ணில் பத்தில் ஒரு பங்கு இல்மனைட் இருந்து, அத்தனையும் வினைபுரிந்தாலும், ஒரு டன் மண்ணுக்குப் பத்து கிலோதான். வருடத்துக்கு 10 டன் ஆக்ஸிஜன் வேண்டுமென்றால் 1000 டன் மண். பகல் இருக்கும் இரண்டு வாரங்களில் மட்டும் ஓட்டினால் மணிக்கு 230 கிலோ, நிற்காமல். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரிக்கும் ராக்கெட்டில் ஏழு கிலோவுக்கு ஏறக்குறைய ஆறு கிலோ ஆக்ஸிஜன் என்பதால் பத்து டன் ஒன்றும் பெரிய இலக்கே இல்லை. 1000 டன் மணலைச் சுழற்றுவது எங்களுக்குச் சில நாள் வேலை. ஆனால் எங்களிடம் ஆள் உண்டு, சுத்தியல் உண்டு, தேய்ந்த பேரிங்குக்கு மாற்றும் உண்டு.

இந்த இடத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேட்டுநில மண்ணில் இல்மனைட் மிகக் குறைவு. ஹைட்ரஜன் முறையைச் சோதிக்க நினைப்பவர்கள் இந்த டப்பாவை வாங்கக் கூடாது. கருநிறச் சமவெளி மண்ணின் போலியைக் கேளுங்கள். மேட்டுநிலத்துக்குப் பொருத்தமானது மண்ணையே 1600 டிகிரி அளவில் உருக்கி மின்சாரம் பாய்ச்சும் முறை, அது வீட்டு வேலை இல்லை. நிலவின் தென்துருவத்தைச் சுற்றி எல்லாம் மேட்டுநிலம் என்பதால் இதுவே அதிகம் விற்கிறது போலிருக்கிறது. ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று தெளிவு வேண்டும்.

சூடாக்கிப் பார்த்தேன், உருக்கும் அளவுக்கு இல்லை. சோதனைக்கூடத்தின் சின்ன மின்னுலையில், அனுமதி வாங்கி, மூசையில் 200 கிராம் போட்டு 1100 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஓரம் வெடித்த, சாம்பல் நிறமான ஒரு கட்டி வந்தது. மேலே தட்டினால் மட்பாண்டம் மாதிரி ஒலிக்கிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே குமிழ்கள். எடை போட்டேன், ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் காணவில்லை. இதுதான் முக்கியம். அந்தக் காணாமல்போன எடை பூமியின் நீரும், தாதுக்களில் ஒட்டிக்கொண்டு வந்த மற்ற வாயுக்களும். உண்மையான நிலவு மண் எலும்பாகக் காய்ந்தது. போலி மண்ணை உலையில் காய்ச்சாமல் நேராகச் சோதனைக்கு எடுத்து, இவ்வளவு நீர் கிடைத்தது என்று எழுதினால் அந்த நீரில் ஒரு பங்கு பாறை வெட்டிய இடத்து மழைநீராகக்கூட இருக்கலாம். விற்பவர்கள் இதைப் பெரிய எழுத்தில் டப்பாவின் மேலேயே ஒட்ட வேண்டும் என்பது என் கருத்து.

இறங்குதளம் பற்றி ஒரு வார்த்தை. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 இறங்கிய இடத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி, இரண்டரை வருடமாக நின்றிருந்தது சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலம். அதன் பாகங்களைக் கழற்றிக் கொண்டுவந்து பார்த்தபோது, இறங்குகலத்தைப் பார்த்த பக்கம் மணலடித்துச் சுரண்டியதுபோல இருந்தது. காற்றில்லாத இடத்தில் ராக்கெட் கிளப்பும் மணி நடுவில் நிற்காது. பக்கத்திலேயே ஆலை கட்டுவதென்றால் தரையை முதலில் இறுக்கியாக வேண்டும். என் கட்டியின் மேல் அழுத்தக் காற்றோடு மணலடித்தேன், பட்டறையில் வார்ப்பைச் சுத்தம் செய்கிற அதே குழாயால். முகப்பு தாக்குப்பிடித்தது, வெடித்த ஓரம் பொரிந்து விழுந்தது. அதிலிருந்து எனக்குத் தோன்றுவது, தளத்தைச் சின்னச் சின்ன ஓடுகளாகச் செய்வதைவிட, ஓரமே குறைவாக வரும்படி பெரிய பரப்பாக உருக்குவதுதான் நல்லது. ஒரே ஒரு கட்டியை வைத்துச் சொல்கிறேன், இதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மைக்ரோவேவில் உருக்கலாம் என்ற யோசனைக்கு இந்த மண் உதவாது. நிஜ மண்ணின் மணிகளைச் சுற்றி, நுண்கற்கள் மோதியதாலும் சூரியக் காற்றாலும் உண்டான, கண்ணுக்குத் தெரியாத சிறு இரும்புத் துகள்கள் இருக்கும். அவைதான் நிஜ மண்ணின் நுண்பொடியைக் காந்தத்துக்கு இழுக்கின்றன. மைக்ரோவேவில் சட்டென்று சூடாவதற்கும் அவற்றையே காரணமாகச் சொல்கிறார்கள். என் டப்பாவுக்குள் வலுவான காந்தத்தை விட்டுக் கிளறினேன். எடுத்தபோது நாலைந்து கறுப்பு மணி, அவ்வளவுதான். நுண்கல் மோதி உருகி ஒட்டிய கண்ணாடித் திரள்களும் இதில் இல்லை. நிஜத்தில் அவை கணிசமாக உண்டு, மண்ணுக்கு இன்னும் கூடுதல் முள் கொடுப்பவை அவைதான். அப்படியென்றால் நான் பார்த்த கஷ்டமெல்லாம் நிஜத்தைவிடக் குறைவு என்றுதான் கொள்ள வேண்டும்.

காந்தத் தண்டவாள யோசனைக்காக ஒரு சின்னச் சோதனை செய்தேன். 1970-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் முன்வைத்தது அது: வாளி வாளியாக நிலவு மண்ணைக் காந்தச் சுருள்களால் முடுக்கி, நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்துவிடுவது. காற்று இல்லாததால் தடை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை, இப்போதும் பிடிக்கும். ஆனால் குறி தவறாமல் எறிய வாளிகள் ஒரே எடையில் இருந்தால் நல்லது. 50 மில்லி அளவுக் கரண்டியில் இந்த மண்ணை மட்டம் தட்டிப் பத்து முறை அளந்தேன். மிகக் குறைந்தது 68 கிராம், மிக அதிகம் 83. ஊற்றிய வேகம், தட்டிய தட்டு, எல்லாமே எடையை மாற்றுகின்றன. சிலிக்கா மணலில் அதே கரண்டி இரண்டு கிராமுக்குள் நின்றது. தண்டவாளத்துக்கு முன்னால் மண்ணை உருக்கி ஒரே அளவு உருண்டையாக வார்க்கும் ஒரு கூடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதாவது ஒரு வார்ப்படப் பட்டறை. அந்தக் கூடத்தை ஒரு நாள் வரைந்து பார்க்க வேண்டும்.

பனி கலந்த மண்ணுக்கு இதை வாங்குபவர்களும் உண்டு. 2009-ல் நாசாவின் எல்கிராஸ் கலம் நிலவின் தென்துருவத்துக்கு அருகே உள்ள கேபியஸ் குழியில் மோதியபோது கிளம்பிய பொருளில் எடையில் ஐந்தரை விழுக்காடு போல நீர் இருந்ததாகக் கணித்தார்கள். நானும் ஐந்து விழுக்காடு தண்ணீர் கலந்து உறைபெட்டியில் வைத்தேன். ஒரு நாளில் கான்கிரீட் மாதிரி ஆகிவிட்டது, உளி வைத்துத்தான் உடைத்தேன். இவ்வளவுக்கும் என் பெட்டி மைனஸ் 18 டிகிரிதான். நிழல் மாறாத குழிகள் சிலவற்றில் மைனஸ் 200-க்கும் கீழே. இதில் வேறு எதுவும் சொல்லும் அளவுக்கு நான் செய்யவில்லை.

மண் இயந்திரத்தைத் தோற்கடிப்பது புதிதில்லை. 1971-ல் அப்பல்லோ 15-ல் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் இரண்டு பேருமாகத் தோள் கொடுத்து இழுத்துத்தான் துளைக்குழாயை வெளியே எடுத்தார்கள். செவ்வாயில் இன்சைட் கலத்தின் துளைகருவி 5 மீட்டர் இறங்க வேண்டியது. தன் 40 சென்டிமீட்டர் உடலை மண்ணுக்குள் மறைப்பதற்கே இரண்டு வருடம் போராடியது, 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். ஓரிடத்தில் பிடி அதிகம், இன்னோரிடத்தில் பிடி போதவில்லை. இரண்டையும் முன்கூட்டி மேசையில் முழுதாகப் பார்த்துவிட முடியாது என்றாலும், வரைபடம் போடுகிற ஒவ்வொருவரும் ஒரு டப்பா மண்ணை ஒரு புனல் வழியே இறக்கிப் பார்த்துவிட்டு அந்த அம்புக்குறியைப் போட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

யார் வாங்கலாம்? தோண்டுவது, கடத்துவது, சலிப்பது, சீல், பேரிங், சக்கரம் என்று இயந்திர வேலை செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். உலை வேலைக்கு வாங்கினால் முதலில் காய்ச்சிக்கொள்ளுங்கள். காந்தம், மைக்ரோவேவ், ஹைட்ரஜன் முறை, இவற்றுக்கு இது வேண்டாம். பள்ளியில் காட்டுவதற்கென்றால் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் கொஞ்சம் போட்டு ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் கையில் திறந்து கொடுக்காதீர்கள்.

ஐந்தில் ஒன்றேகால் கிலோ மிச்சம் இருக்கிறது. ஹாப்பரின் சுவரில் சின்ன அதிர்வு மோட்டார் ஒன்றைப் பொருத்தி, சுத்தியலின் வேலையை அது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாரத்தில் அதிர்வு வளைவை உடைப்பதற்குப் பதிலாக மண்ணை இன்னும் இறுக்கிவிட்டது. விட்டுவிட்டு அதிரவைத்தால் பரவாயில்லை. இரண்டாவது டப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை கருநிறச் சமவெளி மண். பேட்ச் எண்ணை டப்பாவிலேயே ஒட்டி அனுப்பும்படி ஆர்டரில் எழுதிவிட்டேன்.